ட்வீட்டர் தேர்வுக் குழுவும் மூன்றடி வெயிலும்

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மரப்பலகைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டடி அகலம். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெரிய வட்டம், அதற்கு மேலே டீ கிளாஸ் வாய் அளவுக்கு ஒரு சின்ன வட்டம். வருகிறவர்கள் முதலில் கேட்பது கதவு எங்கே மாட்டப் போகிறீர்கள் என்பதுதான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "நாய்க்குட்டி போறதுக்குங்களா ஓட்டை?" என்றார். எங்களிடம் நாய் இல்லை.

அவை ஒலிபெருக்கிகள். ஓப்பன் பேஃபிள் என்று இந்த வகைக்குப் பெயர். சாதாரண ஸ்பீக்கரில் ஒலிக்கும் கூம்பைப் பெட்டிக்குள் வைத்து அடைத்துவிடுவார்கள். முன்பக்கம் வருகிற சத்தம் நமக்கு. பின்பக்கத்துச் சத்தம் பெட்டிக்குள்ளேயே கிடந்து புழுங்கும். இதில் பெட்டியே கிடையாது. பலகையில் ஓட்டை போட்டுக் கூம்பை மாட்டினால் முடிந்தது. முன்னும் பின்னும் தாராளமாகப் பாடும். முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவனுக்கு, எதையும் மூடி வைக்காத ஒரு பொருள்மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

ஒரே ஒரு சிக்கல். இந்தப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பின்பக்கச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து முன்பக்கச் சத்தத்தோடு சண்டை போடும். குறைந்தது மூன்றடி தள்ளி நிறுத்த வேண்டும். எங்கள் முன்னறையில் அப்படித் தள்ளி நிறுத்தினால் பறிபோவது என் மனைவியின் வெயில்.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கிறோம். எதிர்மலைக்கு மேலே சூரியன் ஏறி வர ஒன்பது மணியாகும். அப்போதிருந்து பதினொன்றரை வரை முன்னறை ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழும். அப்புறம் கற்பூர மரங்கள் மறைத்துக்கொள்ளும். அவை விட்டுவைத்ததை மூடுபனி எடுத்துக்கொள்ளும். வீட்டில் வேறெங்கும் வெயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த ஜன்னலடியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, முழங்கால்களை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டர் பின்னுவது என் மனைவியின் காலை நேரம். மாத்திரைக்குக் கேட்காத வலி அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கேட்கிறது.

நான் விதிமுறை தெரிந்தவன். ஒருவர் இடத்தைக் கேட்காமல் எடுக்க மாட்டேன். தற்காலிக இட ஒதுக்கீட்டுக்கான தடையின்மைச் சான்று என்று ஒரு பக்கம் தட்டச்சு செய்து அவள் முன் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். நான் எழுதிய காகிதம் ஒன்றை முழுவதும் படித்த முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க, தற்காலிகம்னா எத்தன நாளு?"

"வேலை முடியற வரைக்கும்."

"உங்க வேலை முடியற வரைக்குமா? அப்ப எனக்கப்பறம்னு எழுதிருங்க."

பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே 'பனி விழும் நாள் வரை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் சொன்னது தினமும் வரும் மூடுபனியை அல்ல. புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்குமே, அந்த உறைபனி. அப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. மார்கழிவாக்கில் பனி விழும்.

"பனி விழுந்த அன்னிக்கு என்ற நாற்காலி என்ற எடத்துல இருக்கோணும். இல்லாட்டி பலகை ரெண்டும் வெந்நி அடுப்புக்குப் போயிருமுங்க" என்றாள். பலகைகள் சில்வர் ஓக். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம். அது நன்றாக எரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆக, எனக்கு இருந்த அவகாசம் சுமார் இரண்டு மாதம். பலகை தயார், பெரிய கூம்பு இரண்டும் மாட்டியாயிற்று. பாக்கி ட்வீட்டர் மட்டும். பெரிய கூம்பு மிருதங்கத்தையும் குரலின் கனத்தையும் பார்த்துக்கொள்ளும். வயலினின் கூர்மை, பாடுகிறவர் உதட்டிலிருந்து கிளம்பும் 'ச', ஜால்ரா போன்றவற்றுக்கு மேலே சின்னதாக ஒன்று வேண்டும். அதுதான் ட்வீட்டர். பெட்டியில்லாத பலகைக்கு அதைத் தேர்ந்தெடுப்பது கடினம். பெரிய கூம்பு வாய் ஓயாமல் பேசுகிற சாதி. மென்மையான ட்வீட்டரை வைத்தால் அது பேசுவது வெளியே கேட்காது, கறாரான ட்வீட்டரை வைத்தால் வீட்டில் இரண்டு பேர் கத்துவார்கள்.

இருபதாயிரம் ஹெர்ட்ஸ்வரை துல்லியம் என்று எல்லா ட்வீட்டர் காகிதத்திலும் போட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்காது என்று காது மருத்துவர் போன வருடமே சொல்லிவிட்டார். அதனாலென்ன. நான் வாங்கிப்போட்ட எந்த இயந்திரத்தின் முழுத் திறனையும் யாரும் பயன்படுத்தியதில்லை.

கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்திருக்கலாம். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள், அவர்கள் வாழ்க்கையும் ஓடத்தான் செய்கிறது. நான் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆணியிலிருந்து கிரேன்வரை வாங்கியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கடைக்குப் போய் வாங்கியதில்லை.

எனவே இன்டென்ட், அதாவது இன்ன பொருள் தேவை என்ற கோரிக்கைப் படிவம், போட்டேன். பொருள்: ட்வீட்டர். எண்ணிக்கை: இரண்டு. கையிருப்பு: இல்லை. கடந்த மூன்றாண்டுப் பயன்பாடு: இல்லை. மூன்றாண்டாக ஒருமுறைகூடத் தேவைப்படாத பொருள் இப்போது எதற்கு என்று கொள்முதல் அதிகாரி கேட்டாக வேண்டும். அந்த அதிகாரியும் நானே என்பதால் கேட்டேன். இன்டென்ட் போட்டவன் என்ற முறையில் இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதினேன். பதில் திருப்தியாக இல்லை. திருப்பி அனுப்பினேன்.

மேஜைக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி, "உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"லெட்டர் இல்லை. குறிப்பு."

"பதில் வந்துச்சுங்களா?"

"இன்னும் வரவில்லை."

"ஆளு லீவுல போயிட்டாரோ என்னமோ" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போய்ப் புல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

ஒப்புதல் கிடைக்க ஒன்பது நாளாயிற்று. உண்மையைச் சொன்னால் என் விளக்கத்தில் ஒரு பலவீனம் இருந்தது. அதை நான் கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மூன்று இடங்களில் மாதிரி கேட்டேன். ஏ என்பது கோவைக் கடை ஒன்றிலிருந்து வந்த பட்டு டோம். கறுப்புப் பட்டுத் துணியில் சின்னக் குமிழ்போல இருந்தது. பி என்பது சென்னையிலிருந்து கொரியரில் வந்த ஹார்ன். திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் பேரன்போல, வாயைத் திறந்துகொண்டே இருந்தது. அது இரண்டு நாள் தாமதமாக வந்தது. கேட்டதற்குக் கொரியர்காரர், "ரோட்டுல காட்டெருமைங்க, நின்னா நின்னதுதான்" என்றார். தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் காட்டெருமை என்று நிரப்பினேன். சி குன்னூர் மார்க்கெட் பக்கம், டெம்போக்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடையில் வாங்கியது. மூன்று பேர் போட்டியிடாமல் கோப்பு நகராது. மூன்றாவது ஆள் எப்போதும் தோற்பதற்கென்றே வருகிறவர்.

எல்லோரிடமும் மாதிரிக்கு ஒன்றே ஒன்று போதும் என்று எழுதியிருந்தேன். ஆயிரம் பூட்டு வாங்கினாலும் மாதிரி ஒரு பூட்டுதான். அது என் கைப்பழக்கம்.

அடுத்தது தேர்வுக் குழு. தலைவர் நான். பயனாளர் துறையின் பிரதிநிதி என் மனைவி. தொழில்நுட்ப நிபுணர் ஒருவர் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் குன்னூரில் டீ டேஸ்டராக இருந்தவர். ஏலத்துக்கு வரும் தேயிலையைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றி நீள மேஜையில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவர் நடந்துகொண்டே ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, துப்பிவிட்டு, இரண்டு சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார். வாழ்நாள் முழுக்க அதுதான் உத்தியோகம்.

"எனக்கு ஸ்பீக்கரப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே சார்" என்றார்.

"நிபுணருக்கு அது ஒரு தடையே இல்லை" என்றேன். அனுபவத்தில் சொன்னது.

அவர் ஒப்புக்கொண்டு நிபந்தனை போட்டார். காலை பத்து மணிக்குத்தான் சோதனை. முந்தைய ராத்திரி யாரும் பூண்டு சேர்க்கக் கூடாது. காபியும் கூடாது.

"இது காது விஷயம்தானே?"

"காது மூக்கு தொண்டை மூணையும் ஒரே டாக்டருதானுங்களே சார் பாக்கறாரு."

மூன்று நிபந்தனைகளையும் கோப்பில் சேர்த்தேன்.

ஒரு பலகையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதன்மேல் மூன்று ட்வீட்டரையும் வரிசையாக உட்காரவைத்து, போர்வையால் மூடி, எதை இயக்குவது என்பதற்கு ஒரு சுவிட்சும் வைத்தேன். சுவிட்ச் என் மனைவியிடம். எது ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. போனிலிருந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டோம்: ஒரு பெண் குரல், வயலின், முடிவில் பஜனை ஜால்ரா.

நிபுணர் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போர்வையின் முன் நின்று, பாட்டு ஆரம்பித்ததும் சர்ரென்று காற்றை உறிஞ்சினார்.

"அண்ணா, பாட்டு அங்கருந்து வருதுங்க" என்றாள் மனைவி.

"பழக்கமுங்க அம்மணி. உறிஞ்சாம எனக்கு எதுவும் வெளங்காது."

முதல் மாதிரி முடிந்ததும் அவர் கன்னம் உப்பியிருந்தது. எதையோ தேடினார். நான் புரிந்துகொண்டு வாசலைக் காட்டினேன். போய்விட்டுத் திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். எது எந்த எழுத்து என்று மனைவி கடைசியில்தான் சொன்னாள். ஏ: "பாடி இருக்குதுங்க, நல்ல கனம். பையப் பைய எறங்குது. ஆனா பிரிஸ்க் பத்தல." பிரிஸ்க் என்றால் என்ன என்று கேட்டேன். "நாக்குல சுள்ளுன்னு ஒரு உசுரு வருமில்லீங்க, அது." பி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டார். "இதுங்க சார். சனவரி டீ. வெடவெடன்னு குளுருல கிள்ளுன எலை." சி-க்கு அவர் வாசலுக்குக்கூடப் போகவில்லை. "டஸ்ட்டுங்க. அதுவும் தரையக் கூட்டுனது" என்றார். சி தகுதிநீக்கம் செய்யப்பட்டது.

எனக்கு ஏ. எட்டுப் பத்திகளில் மதிப்பெண் போட்டிருந்தேன், ஏ மூன்று புள்ளி முன்னால். பி-யில் ஜால்ரா காதுக்குள்ளேயே நின்று அடித்தது. முப்பத்தாறு வருடம் ஜால்ராவை மிக அருகில் கேட்டவன் நான். ஓய்வுக்குப் பிறகு அது கொஞ்சம் தள்ளி அடித்தால் நல்லது என்று நினைப்பவன்.

பயனாளர் பிரதிநிதியின் கருத்தைக் கேட்டேன்.

"எது சீக்கிரம் முடியுமோ அது" என்றாள்.

பயனாளர் துறை நடுநிலை வகித்தது என்று பதிவு செய்தேன்.

ஒன்றுக்கு ஒன்று. நிபுணர் மரியாதைக்காரர். "நீங்க சொன்னா செரிங்க சார், ஏ-வே போட்டுக்கலாம்" என்றார். "நிபுணர் நீங்கள், பி-யே இருக்கட்டும்" என்றேன் நான். "அதெப்படிங்க, தலைவரு நீங்க." இப்படிக் கால்மணி நேரம் போனது. சண்டை போடுகிற குழுவைச் சமாளித்துவிடலாம், விட்டுக்கொடுக்கிற குழுவைச் சமாளிக்க முடியாது. கடைசியில் என் கை தானாகவே பழைய வழிக்குப் போனது. இரண்டு மாதிரிகளும் ஏறக்குறைய சமம் என்றால், ஒரே சப்ளையரை நம்பியிருக்கும் ஆபத்தைத் தவிர்க்க, ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கலாம். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தணிக்கையில் சிக்கியதில்லை. 'மொத்தத் தேவை இரண்டு. ஏ-க்கு ஒன்று, பி-க்கு ஒன்று. ஒப்புதலான மாதிரிகளையே சப்ளையாக ஏற்கலாம்' என்று எழுதினேன். வாக்கியம் அழகாக வந்திருந்தது. நிபுணர் கையெழுத்துப் போட்டார்.

மனைவி படித்துப் பார்த்து, "ஆளுக்கு ஒண்ணுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"செரி" என்று அவளும் போட்டாள்.

கடைகள் கொடுத்த திருப்பி அனுப்பும் கெடு முடிகிறவரை கோப்பை நான் சுத்தமாக்கிக்கொண்டிருந்தேன். பக்க எண் போட்டு, பொருளடக்கம் சேர்த்து, சிவப்பு நாடா கிடைக்காததால் மனைவியின் ரோஜா நிறக் கம்பளி நூலால் கட்டினேன். பிறகு ஒரு காலை, இடது பலகையில் பட்டு டோமையும் வலது பலகையில் ஹார்னையும் மாட்டி, இரண்டையும் ஜன்னல் சுவரிலிருந்து டேப் வைத்து மூன்றடி அளந்து நிறுத்தி, எதிரே சோபாவில் நடுவாக உட்கார்ந்தேன்.

பாடகி நடுவில் நின்றுதான் ஆரம்பித்தார். முதல் 'ச' வந்தபோது வலப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த 'ச'வுக்கும் அப்படியே. வயலின் கீழ்ஸ்தாயியில் ஒழுங்காக ஓரிடத்தில் இருந்தது. மேலே ஏற ஏற அறையின் குறுக்கே நடந்து வலது மூலைக்குப் போய் நின்று வாசித்தது. ஜால்ரா முழுக்க முழுக்க வலப்பக்கத்துக் கட்சியில் சேர்ந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் போட்டேன். சோபாவை ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தினேன். அதற்கப்புறம்தான் பலகைகளை முன்பக்கமிருந்து, ஒரு சாதாரண மனிதன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒன்றில் குமிழ். ஒன்றில் திறந்த வாய்.

பெயின்ட், சணல் சாக்கு, பூட்டு என்று எத்தனையோ பொருட்களின் ஆர்டரைப் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் ஜோடியாக நின்று பாட வேண்டியதில்லை.

மனைவி வந்து பார்த்தாள். "இது வேற, அது வேற" என்றாள்.

"ஆமாம்."

"மூணு பேரு கையெழுத்துப் போட்டமே."

"நீயும்தான் போட்டாய்."

"நான் உங்களுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணுன்னு நெனச்சனுங்க. அவரும் பாவம் தனியா பாட்டுக் கேக்கட்டும்னு." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கார்த்திகை பாதி போயிருந்தது.

நிபுணர் அன்று மாலையே வந்து நடுவில் நின்று உறிஞ்சிப் பார்த்தார். முகத்தில் கவலை தெரியவில்லை. "இத பிளெண்டுன்னு எடுத்துக்கலாமுங்க சார். ரெண்டு தோட்டத்து எலையக் கலந்து ஒரே பாக்கெட்ல போடறதில்லீங்களா?"

"அது ஒரே கிண்ணத்தில் ஊற்றுவது. இது ரெண்டு காதிலும் வேறு வேறு டீயை ஊற்றுகிற மாதிரி இருக்கிறது."

"ஆமாங்க சார், கொஞ்சம் வழியுது" என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு வழி தெரிந்திருந்தது. ரிப்பீட் ஆர்டர் என்று ஒன்று உண்டு. முதல் ஆர்டரில் பாதி அளவுவரை புதிய டெண்டர் இல்லாமலே திரும்ப வாங்கலாம். இரண்டில் பாதி ஒன்று. எங்களுக்குத் தேவையும் ஒன்றுதான். விதியை எழுதியவர் என் முன்னறையை மனதில் வைத்து எழுதியதுபோல இருந்தது. எது அந்த ஒன்று என்று முடிவெடுக்க மட்டும் குழு மறுபடி கூட வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கூடினோம். அந்த ஒரு வாரமும் நான் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வலப்பக்கம் காதைத் திருப்பிக்கொண்டிருந்ததைக் கவனித்திருந்தேன். அந்த ஹார்னில் ஓர் உயிர் இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. "நிபுணர் சொன்னதுதான் சரி. பி" என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "நான் ஏ சொல்லலாம்னு வந்தேனுங்க சார். உங்களுக்காக இல்லீங்க, நெசமாலுமே. ஒரு வாரமா ஜன்னல் பக்கமா ஒட்டுக் கேட்டனுங்க. பி ஒரு வாய்க்கு நல்லாருக்குதுங்க. தெனமும் குடிக்க ஏ-தானுங்க."

மறுபடி ஒன்றுக்கு ஒன்று. நான் அவர் பழைய வாதத்தை எடுத்துக்கொண்டேன், அவர் என்னுடையதை. ஜால்ரா தள்ளி அடிக்க வேண்டும் என்று அவர் எனக்கே எடுத்துச் சொன்னார். பயனாளர் பிரதிநிதி சமையலறையிலிருந்து வர மறுத்தார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்து நடந்ததற்கு அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஒரு காலை ஆறரை மணிக்கு எழுந்து வந்தபோது மனைவி ஜன்னலில் நின்றிருந்தாள். வெளியே புல் முழுக்க வெள்ளை. வேலிக்கு அந்தப் பக்கம் கேரட் பாத்தியும் வெள்ளை. அவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். காபி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கோப்பின் கம்பளி நூலை அவிழ்த்தேன்.

ஒன்பது மணிக்கு எதிர்மலையில் வெயில் தெரிந்ததும், சாப்பாட்டு மேஜைப் பக்கம் ஒதுக்கியிருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கோப்பும் கையுமாகக் குறுக்கே நின்று, கால நீட்டிப்பு வேண்டும் என்றேன்.

"எத்தன நாளைக்குங்க?"

"குழு கூடி முடிவெடுக்கிற வரை."

"குழுவுல நானும் ஒரு ஆளுதானுங்களே. கூடியாச்சு." நாற்காலியைக் கீழே வைத்தாள். "தள்ளுபடி பண்ணியாச்சு. நவுத்துங்க."

விதிப்படி அவள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்கு வெளியே வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. இடது பலகையைத் தழுவிக்கொண்டு தூக்கப் பார்த்தேன். இடுப்பில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. பலகையைக் கட்டிப்பிடித்தபடியே நின்றேன். அவள் என்னையும் பலகையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொவத்துலருந்து மூணடின்னு சொன்னீங்களே. அளந்துதானுங்களே வெச்சீங்க?"

"டேப் வைத்து."

"நாற்காலி ரெண்டடிதான்."

என்னைச் சுற்றிக்கொண்டு போய், பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தாள். வெயில் முழங்காலில் விழுந்தது. பலகைக்கு மேலே அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. ஊசிகள் சத்தம் போட ஆரம்பித்தன. நான் மெதுவாகப் பலகையை விட்டு நிமிர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டை பேசியது. "சும்மா நிக்கறதுக்குப் பாட்டாச்சும் போடுங்க."

போட்டேன். நான் சோபாவில், பாடகி வழக்கம்போல எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானுங்களே இருக்குது. இதுல என்ன கொற கண்டீங்க?"

"நீ பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அது கேட்கிற இடம் அல்ல."

"வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க."

சமையலறை ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், வலது பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பெரிய கூம்புதான் முன்னும் பின்னும் பாடும். ட்வீட்டரின் முதுகு அடைப்பு. குமிழோ ஹார்னோ, எதுவும் முன்பக்கம் மட்டும்தான் பேசும். பின்னால் இருக்கிறவர்களுக்கு இரண்டு பலகையும் ஒரே பலகைதான். பாடகி எங்கள் இருவருக்கும் சரியாக நடுவில் நின்று, எங்கும் எட்டிப் பார்க்காமல் பாடினார். வயலின் நடமாட்டத்தை விட்டுவிட்டது. ஜால்ரா பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் அடித்ததுபோல் கேட்டது. மேல் சுருதிகளில் பெரும்பகுதி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. எது இல்லை என்று பட்டியல் போடத் தோன்றவில்லை. இடுப்பில் வெயில் பட்டது. பிடிப்பு கொஞ்சம் விட்டது.

"நீட்டிப்பு எனக்கு வேண்டியிருக்காது" என்றேன்.

"கால மடக்குங்க, நூல் மேல வெச்சிருக்கீங்க" என்றாள்.

பத்தரை மணிக்கு நிபுணர் வந்தார். பனி விழுந்தது அவருக்கும் தெரியும். பலகைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று வந்திருப்பார். "யாருங்க ஊட்ல?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், பாட்டு ஓடுவதையும் சோபா காலியாக இருப்பதையும் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பிறகு கொண்டையையும் என் வழுக்கையையும் கண்டுபிடித்துச் சுற்றி வந்தார். நின்றபடியே ஒருமுறை உறிஞ்சினார். இந்த முறை வாசலுக்குப் போகவில்லை.

"டீயில பாலு ஊத்துன மாதிரி இருக்குதுங்க சார்."

"குறையாகச் சொல்கிறீர்களா?"

"இல்லீங்க. வேலையிலதானுங்க கறுப்பா உறிஞ்சித் துப்பறது. ஊட்டுல நானும் பாலு, சர்க்கர போட்டுத்தானுங்க குடிக்கறேன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பலகையின் பின்பக்கமும் ஒரு ட்வீட்டரை மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். நிபுணரின் கண் விரிந்தது. "அப்ப இன்னும் ரெண்டு வேணுமுங்களே" என்று சொல்லியபடி, எந்த இடத்தில் மாட்டலாம் என்று பார்க்கக் குனிந்து, ஜன்னலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா" என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெயில மறைக்கறீங்க."

அவர் உடனே நகர்ந்தார். ட்வீட்டர் பேச்சு அதோடு நின்றது. தன் வீட்டுக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவே போட்டார். மூன்றடியில் மூன்று பேர். முழங்கால்களை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். பலகைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு குமிழும் ஒரு ஹார்னும் காலி சோபாவைப் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பாடிக்கொண்டிருந்திருக்கும். எங்களுக்குக் கேட்கவில்லை.